அறுபத்து மூன்றாம் எண் கல்

தன் கல்லறையைத் தானே தேய்த்துக் கழுவிய பெண் ஒருத்தி ஆவடியில் இருந்தாள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இப்போதே நம்ப வேண்டாம். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

அவள் பெயர் அருள்செல்வி. அப்பா ஜேசுராஜ் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். காலையில் சங்கு ஊதினால் சைக்கிளில் போவார், சாயங்காலம் சங்கு ஊதினால் திரும்புவார். அம்மா ஞானம்மாள் வீட்டு வேலை போக மிச்ச நேரத்தில் பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னுவாள். தம்பி சத்தியராஜ் ஒன்பதாம் வகுப்பு. குவார்ட்டர்ஸில் இந்த மாதிரிக் குடும்பம் வரிசைக்குப் பத்து இருந்தது.

வினோதம் என்று தேடிப் பார்த்தால் அந்த வீட்டில் சில இருந்தன. ஆனால் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் வினோதம் யாருக்கு வினோதமாகத் தெரியும்? ஞானம்மாள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘சின்னவளே’ என்பாள். வீட்டில் மூத்தவள் அவள்தான், இருந்தும் சின்னவள். கேட்டால், “வாய்ல அப்பிடியே வந்துருச்சு” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். பிப்ரவரி பன்னிரண்டு அருள்செல்வியின் பிறந்த நாள். கேக் வெட்டியதும் முதல் துண்டு அவள் வாய்க்குப் போகாது. ஞானம்மாள் அதைக் காகிதத்தில் மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு பூந்தமல்லி பஸ் ஏறிவிடுவாள். அங்கே ஒரு தூரத்துச் சொந்தம், நடமாட முடியாத அம்மாள், அவளுக்குக் கொடுக்க வேண்டுமாம். கூட வருகிறேன் என்றால் விடமாட்டாள். திரும்பி வந்தால் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேச்சு கிடையாது.

அதே ஞானம்மாள் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காரணமே இல்லாமல் பாயசம் வைப்பாள். மகளை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடுவாள், கைக்குப் புது வளையல் போடுவாள். சத்தியராஜ் எனக்கு ஒன்றும் இல்லையா என்று குதிப்பான்.

இன்னொன்றும் உண்டு. புதிதாகக் குடிவந்தவர்கள், கோயில் சபைக்காரர்கள், ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் யாராவது, “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டால் ஞானம்மாள் வாயைத் திறப்பாள். அதற்குள் ஜேசுராஜ் முந்திக்கொண்டு, “ரெண்டு” என்பார். எப்போதும் அவர்தான் பதில் சொல்வார். மனுஷன் மற்ற விஷயங்களில் அவ்வளவு வேகம் கிடையாது.

அருள்செல்வி பட்டணத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தாள். பள்ளியிலிருந்தே வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளம், முதல் பெஞ்சு. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் கல்லூரியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பூந்தமல்லியில் பழைய பட்டாள முகாம் இருந்த இடத்தை வரலாற்றுப் பூங்காவாக்கி இருக்கிறார்கள். வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு அங்கே ஆறு வாரம் கோடைப் பயிற்சி. பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும், பழைய பொருள்களுக்கு அட்டை எழுத வேண்டும், பதிவேடு தயாரிக்க வேண்டும். முடிவில் சான்றிதழ். அருள்செல்வி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். வீட்டில் பூங்காவில் பயிற்சி என்று மட்டும் சொன்னாள், எந்த ஊர் என்று சொல்லவில்லை. அவள் தோழி மேனாம்பேட்டுப் புஷ்பா, வெயிலில் கறுத்துவிடுவோம் என்று அரை மனதாகக் கூடச் சேர்ந்தாள்.

பூங்கா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இடிந்த மருந்துக் கிடங்கு ஒன்று, தூர்ந்த கிணறு ஒன்று, நாலு வேப்பமரம், பின்பக்கம் ஒரு கல்லறைத் தோட்டம். முன்வரிசையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அவர்கள் மனைவிமார்களும் படுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பளிங்கு. மூலையில் ஒதுக்குப்புறமாக நம் ஜனங்கள். எழுபதுகளின் நடுவில் இடமில்லை என்று மூடும்வரை பூந்தமல்லிக் கிறிஸ்தவர்கள் அங்கேதான் புதைத்தார்கள். அவர்களுக்குச் சிமெண்ட்.

பூங்காவின் பொறுப்பு அதிகாரி பக்தவத்சலம், ஐம்பது வயது, எதையும் இரண்டு பிரதி கேட்கிறவர். ஜூன் மாதம் பிறந்ததும் மாணவர்களைக் கூப்பிட்டு வேலையைச் சொன்னார். வெள்ளைக்காரக் கல்லறைகள் பாதுகாக்கப்பட்டவை, அவற்றைத் தொட முடியாது. மூலையில் இருக்கும் நூற்றுப் பதினேழு கல்லுக்கும் பட்டியல் வேண்டும். ஜூன் பதினைந்தாம் தேதிக்குள் குடும்பத்தார் வந்து உரிமை கோரி எழுதிக் கொடுத்தால் கல் இருக்கும். யாரும் வராத கல்லைப் பெயர்த்துச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் புல்தரை போடப்போகிறார்கள்.

“நோட்டீஸ் கேட்டுல ஒட்டியாச்சு. பேப்பர்லயும் போட்டாச்சு” என்றார். “நீங்க கல்லுல என்ன இருக்கோ அதை எழுதுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். அடித்தல் திருத்தல் இருந்தா வேற தாள்ல எழுதணும்.”

கேட்டில் ஒட்டிய நோட்டீஸை ஆடு தின்றுவிட்டது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வேலை சுலபம்தான். கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் சுண்ணாம்புப் பொடி தடவினால் எழுத்துப் பள்ளங்களில் வெள்ளை நிற்கும். ஒருத்தி படிக்க, ஒருத்தி அச்சடித்த தாளில் எழுத வேண்டும். புஷ்பாவின் கண் கூர்மை, அருள்செல்வியின் கையெழுத்து அழகு. இப்படிப் பிரித்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துக் கல் முடித்தார்கள்.

ஜூன் பன்னிரண்டு, திங்கட்கிழமை, காலை பதினோரு மணி. அறுபத்து மூன்றாம் எண் கல். முழங்கால் உயரம்கூட இல்லை, குழந்தைக் கல்லறை. மேலே சின்னச் சிமெண்ட் சிலுவை, அதன் வலக்கை உடைந்திருந்தது. அருள்செல்விதான் குனிந்து தேய்த்தாள். பொடி தடவியதும் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

புஷ்பா படித்தாள். “அருள்... ஏய், உன் பேருடி! அருள்செல்வி!” என்று சிரித்தாள். அருள்செல்வியும் சிரித்தபடியே எழுதினாள்.

“பிறப்பு, பன்னண்டு, ரெண்டு, அறுபத்தொம்பது.”

பேனா அதையும் எழுதிவிட்டது. பழகின கை, காதில் விழுந்ததை எழுதிக்கொண்டே போனது. எழுதிய பிறகுதான் அந்த எண்களை அவள் பார்த்தாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும், கல்லூரி விண்ணப்பத்திலும், இந்தப் பயிற்சிக்குக் கொடுத்த தாளிலும் இருந்த அதே எண்கள்.

“இன்னாடி இது, உன் தேதியாச்சே” என்றாள் புஷ்பா. இப்போது அவள் சிரிக்கவில்லை. “இறப்பு, மூணு, ஒம்போது, எழுபது.” கல்லருகே இன்னும் குனிந்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “ஜேசுராஜ், ஞானம்மாள் தம்பதியரின் மகள்” என்றாள்.

அருள்செல்வி அதையும் எழுதினாள். அந்த நேரத்தில் அவள் எழுதியதைத்தான் நான் ஆச்சரியமாகச் சொல்வேன். எழுத்து கோணவில்லை. உடம்பு முழுக்க ஜில்லிட்டுப் போய், காதில் ஒரு இரைச்சல் மட்டும் கேட்டது. செத்துப்போனவளுக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று ஒரு கிறுக்கு நினைப்பு வந்தது.

“வேற யாருனா இருக்கும்டி. ஊர்ல ஒரே பேரு எத்தினி பேருக்குக் கீது” என்று புஷ்பா தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்பா, அம்மா, மகள், மூன்று பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்து ஒத்துப்போவதற்கு ஊர் அவ்வளவு பெரிதில்லை என்று அவளுக்கே தெரியும்.

அந்த வழியாக வாளியோடு வந்த காவலாளி கஜபதி நின்றார். பூங்கா ஆவதற்கு முன்பிருந்தே அந்த இடத்தைக் காத்தவர்.

“அந்தக் கொயந்தையா?” என்றார். “அதுக்கு ஆள் கீது. வருசா வருசம் பிப்ரவரில ஒரு அம்மா வந்துடும். குந்திகினு கொஞ்ச நேரம் பேசும், கேக்குத் துண்டு ஒண்ணு வெச்சிட்டுப் பூடும். எறும்புதான் துன்னும், இன்னா பண்றது.”

“எப்படி இருப்பாங்க அந்தம்மா?” அருள்செல்வியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

“இப்பிடி, இந்தப் புருவத்துல தீஞ்ச தழும்பு. கையில ஒயர் கூடை. பச்சையும் மஞ்சளும், நடுவுல மட்டும் ஒரு கட்டம் செவப்பு.”

அந்தச் சிவப்புக் கட்டத்தைப் போட்டவள் அருள்செல்விதான். ஏழாம் வகுப்பில், பச்சை ஒயர் தீர்ந்துபோனதால் சிவப்பை முடிந்து சமாளித்தாள். அம்மா அதை அவிழ்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வரும்போது அவள் தன் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இரவல் வாங்கிய சட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் இருபது வருஷம் போட்டுக்கொண்டிருந்த மாதிரிக் கூசியது. கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் ஞானம்மாள் ஒயரும் கத்தரியுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அருள்செல்வி செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். “அம்மா, பூந்தமல்லியில ஒரு கல்லுல என் பேரு இருக்கு. அது யாரு?”

ஞானம்மாள் மறுக்கவில்லை, அழவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். “எந்தக் கல்லு? மேல சிலுவை இருக்கே, அதா?”

“ஆமா. வலது கை ஒடஞ்சிருக்கு.”

“ஐயோ, ஒடஞ்சிருச்சா? பிப்ரவரியில நான் பாக்குறப்ப நல்லாத்தானே இருந்துச்சு” என்றாள் ஞானம்மாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஒயரை அப்படியே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலச் சங்கு ஊதியது, ஜேசுராஜ் திரும்பும் நேரம். அவர் வந்தார், மகள் முகத்தையும் மனைவி முகத்தையும் பார்த்தார், சைக்கிளை நிறுத்தியவர் கதவைச் சாத்தினார். கதை அதன் பிறகு துண்டு துண்டாக வெளியே வந்தது.

குவார்ட்டர்ஸ் கிடைக்கும் முன்னால் அவர்கள் பூந்தமல்லியில் வாடகைக்கு இருந்தார்கள். முதல் பெண் அருள்செல்வி அங்கே பிறந்தாள். ஒன்றரை வயதில் மூன்று நாள் காய்ச்சல், போய்விட்டாள். அப்போது ஞானம்மாளுக்கு ஐந்தரை மாதம். அடுத்ததும் பெண்ணாகப் பிறந்ததும், போனவள்தான் திரும்பி வந்திருக்கிறாள் என்று ஜேசுராஜ் அதே பெயரை வைத்தார். ஞானம்மாள் வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. பிறகு ஆவடிக்குக் குடிவந்தார்கள். இங்கே யாருக்கும் பழைய கதை தெரியாது. தொழிற்சாலை ஆவணத்தில் முதல் பெண் பிறந்தபோதே ‘மகள் அருள்செல்வி, 12-2-1969’ என்று எழுதியிருந்தது. செத்ததை அவர் போய்ச் சொல்லவில்லை, இரண்டாவது பிறந்ததையும் சொல்லவில்லை. ஒரு மகள் என்று இருக்கிறது, ஒரு மகள்தானே இருக்கிறாள் என்று விட்டுவிட்டார்.

எழுபத்தைந்தில் சத்தியராஜ் கைக்குழந்தை. பெண்ணைப் பள்ளியில் தள்ளினால் ஞானம்மாளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும். நாலரை வயதுப் பிள்ளையைச் சேர்க்கமாட்டேன் என்றார்கள். பெட்டியில் முதல் பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தது. பெயர் அதே பெயர், அப்பா அம்மா அதே ஆட்கள். அதைக் கொண்டுபோய் நீட்டினார், சேர்த்துக்கொண்டார்கள். உலகத்தில் எத்தனையோ பேர் பள்ளிக்கூடத்தில் வயதைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். செத்த பிள்ளையின் வயதைக் கொடுத்தவர் ஜேசுராஜ் ஒருத்தராகத்தான் இருப்பார்.

“அப்ப எனக்கு எத்தனை வயசு?” என்று கேட்டாள் அருள்செல்வி.

“பதினெட்டு” என்றாள் ஞானம்மாள். “டிசம்பர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை, விடியக்காலம். பாயசம் வைப்பேன்ல, அன்னைக்கு.”

அருள்செல்விக்கு அதுவரை அடங்கியிருந்த அழுகை அப்போதுதான் வந்தது. இத்தனை வருஷமாகத் தன் பிறந்த நாளைத் அப்பாவும் அம்மாவும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். தான் மட்டும் என்ன விசேஷம் என்று தெரியாமலே பாயசம் குடித்திருக்கிறாள்.

ஜேசுராஜின் கவலை வேறு. “அந்த லிஸ்ட்டுல எழுதிட்டியா? இங்க் பேனாவுலயா?” என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “கவர்மெண்டுப் பதிவும்மா அது. ஜேசுராஜ் மக எழுபதுலயே செத்துட்டான்னு போட்டிருக்கு. நான் இத்தனை வருசமா மெடிக்கல் கார்டுலயும் சர்வீஸ் புக்குலயும் யாரு பேரை எழுதிட்டு இருக்கேன்? வெளிய தெரிஞ்சா வேலை போயிரும். வேலை போனா இந்த வீடு போயிரும். உன் சர்டிபிகேட்டு அத்தனையும் செல்லாம போயிரும். அந்தத் தாளைக் கிழிச்சிருடா தங்கம்.”

“கிழிச்சா கல்லை எடுத்துருவாங்கப்பா. பதினஞ்சாம் தேதி கடைசி. யாரும் கேக்கலைன்னா புல்லு போட்டுருவாங்க.”

“போட்டும். செத்த பிள்ளைக்குக் கல்லு என்னத்துக்கு? உயிரோட இருக்கிறவளப் பாப்போம்.”

ஞானம்மாள் அவரை எதிர்த்துப் பேசி அந்தச் சுவர்கள் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டன. “அவளுக்குன்னு என்ன இருந்துச்சு? பேரை எடுத்து இவளுக்கு வச்சீங்க. பொறந்த தேதியை எடுத்துப் பள்ளிக்கூடத்துல குடுத்தீங்க. எம் புள்ளைக்கு அந்தக் கல்லு ஒண்ணுதான் மிச்சம். அதையும் புடுங்கிக் குடுத்துருங்க” என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கும் ஜேசுராஜ் மேல் வருத்தம்தான், ஆனால் அன்றைக்கு அவர் கட்டிலில் குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தால் யாரும் அவரைத் திட்டியிருக்கமாட்டார்கள்.

இரண்டு நாள் அருள்செல்வி காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். பார்க்க வந்த புஷ்பாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவைப் பார்த்தால் கிழித்துவிடலாம் என்று இருந்தது. அம்மாவைப் பார்த்தால் கிழிக்கக் கூடாது என்று இருந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளை. தனக்கு அக்கா. தான் அவளைவிடப் பதினேழு வயது பெரியவளாகிவிட்டோம், இருந்தும் அவள்தான் அக்கா.

பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை பூங்காவுக்குப் போனாள். என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்யாமலே போனாள்.

கேட்டிலேயே புஷ்பா காத்திருந்தாள். அவளை மருந்துக் கிடங்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். “நீ ஒண்ணும் பயப்படாத. எல்லாம் முடிச்சிட்டேன்” என்று சொல்லி, நாலாக மடித்த தாள் ஒன்றை அவள் கையில் திணித்தாள். “உங்க நைனா வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு எனக்குத் தூக்கமே வரல. இது நீ எழுதின பழைய தாளு. கொளுத்திப் போட்ரு. ஃபைல்ல வேற தாளு எழுதி வெச்சிட்டேன்.”

“என்ன எழுதின?”

“அறுபத்து மூணு, எழுத்துகள் தேய்ந்துவிட்டன, பெயர் தெரியவில்லை. அவ்ளோதான். கல்லுலயும் பொடியக் கழுவி வுட்டுட்டேன். இன்னைக்கு சாயந்தரம் ஃபைல் சார் கைக்குப் பூடும். நாளைக்கு ஆளுங்க வந்து எடுத்துடுவாங்க. உனக்கு ஒரு தொல்லையும் இல்ல.”

அருள்செல்வி தாளைப் பிரித்துப் பார்த்தாள். புஷ்பா செய்தது முழுக்க அன்பு. இனி அவள் கையைக்கூட அசைக்க வேண்டாம். சும்மா இருந்தால் போதும், அப்பாவின் வேலை இருக்கும், வீடு இருக்கும், சான்றிதழ்கள் இருக்கும். ஆனால் ‘பெயர் தெரியவில்லை’ என்ற அந்தச் சொற்கள் அவளை முதல் நாளைவிட அதிகமாக உலுக்கின. பெயர் தெரியாமல் என்ன? அந்தப் பெயரைத்தான் அவள் பதினெட்டு வருஷமாக உபயோகித்துக்கொண்டிருக்கிறாளே. ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, சொந்தக்காரியைப் பெயர் இல்லாதவள் என்று எழுதினால் அது என்ன நியாயம்?

அவள் நேரே அலுவலக அறைக்குப் போனாள். மேஜை மேல் ஃபைல் இருந்தது. கயிற்றை அவிழ்த்தாள். புஷ்பாவின் தாளை உருவி எடுத்தாள், மடித்த தாளை நீவி அதன் இடத்தில் வைத்தாள். கடைசிக் கட்டத்தின் மேல் ‘உரிமை கோருபவர் பெயரும் உறவும்’ என்று அச்சடித்திருந்தது. அறுபத்து மூன்றாம் வரிசையில் அது காலியாக இருந்தது. பேனாவைத் திறந்து எழுதினாள்: ‘அருள்செல்வி. தங்கை.’

வாசலிலிருந்து பார்த்த புஷ்பா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் எடுபடாது. ஜேசுராஜிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் நடந்ததை நடந்தபடி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் அலையவிட்டார்கள், கடுமையாகக் கண்டித்துக் கடிதம் கொடுத்தார்கள், வேலையை எடுக்கவில்லை. மகளோடு அவர் எட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பயிற்சிச் சான்றிதழ் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. பள்ளிச் சான்றிதழில் தேதியைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது, தொண்ணூற்று மூன்றில்தான் திருத்திய சான்றிதழ் கைக்கு வந்தது. பிறகு அம்பத்தூரில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியையாகச் சேர்ந்தாள். சேரும்போது வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். கட்டுக்கட்டாக எடுத்து வைத்தாள், எடுத்து வைக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் இதில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. வேலை போகும், வீடு போகும் என்றே நினைத்துக்கொண்டு அதிகாரியின் மேஜை முன் நின்றாள்.

பக்தவத்சலம் தாள் தாளாகப் புரட்டி வந்தார். அறுபத்து மூன்றில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து மாணவர்களின் விண்ணப்பங்களை எடுத்து வந்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“என்னம்மா இது? இறந்தவங்க பேரு அருள்செல்வி. கேக்கிறவங்க பேரும் அருள்செல்வி. பிறந்த தேதி, கல்லுலயும் பன்னண்டு ரெண்டு அறுபத்தொம்பது, உன் அப்ளிகேஷன்லயும் பன்னண்டு ரெண்டு அறுபத்தொம்பது.” அவர் முகத்தில் ரத்தமே இல்லை. “யாரு தேதிம்மா இது?”

“அவளோடது சார்” என்றாள் அருள்செல்வி. “பேரும் அவளோடதுதான். எனக்கு டிசம்பர் பதினெட்டு, எழுபது.”

“தெரிஞ்சுதான் சொல்றியா? நான் இதை மேல எழுதியாகணும். உங்கப்பா மத்திய அரசு ஊழியர்னு போட்டிருக்கே. அவருக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா?”

அவள் பதில் சொல்லும் முன் வாசலில் நிழல் தட்டியது. கஜபதி நின்றிருந்தார். அவர் பின்னால் ஞானம்மாள். கையில் பச்சையும் மஞ்சளுமான கூடை. கூடைக்குள் ஒரு சின்னப் பொட்டலம் சிமெண்டும் ஒரு கரண்டியும் இருந்தன. சிலுவையின் உடைந்த கையை ஒட்டவைக்க வந்திருக்கிறாள். மகள் என்ன முடிவு எடுத்தாள் என்று தெரியாமல், கல் நாளைக்கு இருக்குமா என்றும் தெரியாமல், ஜேசுராஜிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

“சார், இந்தம்மாதான். அந்தக் கொயந்தைக்கு வர்றவங்க” என்றார் கஜபதி.

பக்தவத்சலம் அவளையும் அருள்செல்வியையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவு அதிர்ச்சியிலும் அவருக்குப் படிவம் ஞாபகம் வந்தது. குடும்ப விவரம் எழுதும் தாள் ஒன்றை எடுத்தார், பேனாவைத் திறந்தார்.

“உக்காருங்கம்மா. உங்களுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க?”

ஞானம்மாள் பழக்கத்தில் ஒரு கணம் தயங்கிப் பக்கத்தில் பார்த்தாள். முந்திக்கொண்டு பதில் சொல்ல அங்கே ஜேசுராஜ் இல்லை.

“மூணு சார்” என்றாள்.